எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சென்சரை மாற்றுவதா?

வாகனத்தின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒளிரத் தொடங்கியதும் எம்மில் பலர் கலக்கமடைகின்றோம். கராஜுக்குச் சென்றால், ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு ஒட்சிசன் சென்சர் பழுதடைந்துவிட்டதாகக் கூறுகின்றனர். புதியது பொருத்தப்படுகின்றது, பணமும் செலவாகின்றது. ஆனால் சில தினங்களில் அதே விளக்கு மீண்டும் எரிகின்றது. தவறு எங்கே நிகழ்கின்றது?

2020 ஆம் ஆண்டில் எமது நாட்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் பழைய வாகனங்களையே பராமரித்து ஓட்ட வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. வான் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குத் தேவையற்ற ஓர் உதிரிப்பாகம் என்பது பல நாள் உழைப்பாகும்.

ஒரு கிலோ பெற்றோல் சரிவர எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இவ்விகிதம் பேணப்படுகின்றதா என்பதை, புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஒட்சிசன் சென்சர் எஞ்சினின் கணினிக்கு அறிவிக்கின்றது. வழமையான வகைச் சென்சரில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 இற்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். குறைந்தால் காற்று மிகை. கூடினால் பெற்றோல் மிகை. சென்சர் உண்மையில் பழுதடைந்தால் எரிபொருள் விரயமாவதுடன், நச்சுப் புகையைக் குறைக்கும் ஊக்கி மாற்றியும் காலப்போக்கில் கெட்டுவிடும். 2008 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனையில் தேறுவதும் கடினமாகும்.

எனினும், ஸ்கேனர் காட்டும் குறியீடு நோயின் அறிகுறியே தவிர நோயல்ல என்பதை நாம் உணர வேண்டும். உதாரணமாக, பீ 0171 என்ற குறியீடு காற்று மிகை என்பதை மாத்திரமே தெரிவிக்கின்றது. காற்றுக்குழாயில் ஏற்பட்ட வெடிப்பு, அழுக்கடைந்த காற்றளவு சென்சர், வலுவிழந்த பெற்றோல் பம்பு ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். ஒட்சிசன் சென்சர் உண்மையைச் சொன்னதற்காக அதனைக் கழற்றி வீசுவதில் பயனில்லை. பீ 0135 என்பது சென்சரைச் சூடாக்கும் மின்சுற்றிலுள்ள கோளாறைக் குறிக்கின்றது. அப்போதும் முதலில் பியூஸையும் வயரையும் பரிசோதித்த பின்னரே சென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றுவது அவசியமெனில், சில விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். ஊக்கி மாற்றிக்கு முன்னும் பின்னுமாகச் சென்சர்கள் இருக்கலாம்; எது பழுதடைந்தது என்பது உறுதி செய்யப்படல் வேண்டும். வாகனத்துக்குரிய இலக்கமுடைய பாகமே வாங்கப்பட வேண்டும். கொதிக்கும் புகைக்குழாயில் கைவைத்தல் ஆபத்தானது. இளஞ்சூடாக இருக்கையில், துருநீக்கி எண்ணெய் தெளித்து, சென்சருக்கென அமைந்த சாவியால் கழற்றுவதே புரிகள் சிதையாமல் காக்கும். புதிய சென்சரின் முனையில் எண்ணெயோ கிறீஸோ படக்கூடாது. இறுதியாக, குறியீட்டை அழித்துச் சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும்.

குறியீட்டின் இலக்கத்தைக் கேட்டறிவதும், கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்பதும் மெக்கானிக்கை அவமதிப்பதாகாது. அவை வாகன உரிமையாளரின் நியாயமான உரிமைகளாகும். திறமையான மெக்கானிக் எவரும் அதற்குத் தயங்கப்போவதில்லை.