சத்திரத்தில் இடம் உண்டா?

மார்கழி பிறந்துவிட்டால் நமது தொப்பம்பட்டிக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே கிடக்கும் இந்த மேட்டு பூமியில் விடியற்காலைப் பனி, முருங்கைத் தோட்டங்களின் மேலும் சோளத் தட்டைப் போர்களின் மேலும் வெள்ளைப் போர்வை போர்த்தினாற்போல் படிந்திருக்கும். பெண்மணிகள் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பிடித்து வைத்த பிள்ளையாருக்குப் பூசணிப் பூச் சூட்டுகிறார்கள். கோயிலிலிருந்து ஜால்ராச் சத்தம் கேட்கிறது. தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கையிலேயே புறப்பட்டுவிட்ட பாத யாத்திரைக்காரர்கள் சிலர் தெற்கு நோக்கி நடந்து போகிறார்கள்.

இதே மார்கழியின் பத்தாம் தேதி வாக்கில்தான் கிறிஸ்துமஸ் பண்டிகையும் வருகிறது. வட்டாரத்திலுள்ள கிறிஸ்தவர்களின் வீட்டு வாசல்களில் மூங்கில் சிம்பும் வர்ணக் காகிதமும் கொண்டு செய்த நட்சத்திரங்கள் ஏறிவிடுகின்றன. உள்ளே ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிய குடில். அதிலே ஒரு மாடு, ஒரு கழுதை, நடுவில் ஒரு சிசு. இவ்வாறு குடில் அமைத்துக் காட்டும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் இத்தாலி தேசத்து அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்னும் மகான். 1223-ஆம் வருஷம் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில், மெய்யான வைக்கோலையும் மெய்யான மாட்டையும் கழுதையையும் கொண்டு வந்து நிறுத்தி அவர் அந்தப் பண்டிகையைக் கொண்டாடினார். தெய்வம் எத்தனை வறுமையில் வந்து பிறந்தது என்பதை ஜனங்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

சென்ற வருஷம் அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள், நாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தோம். குடிக்கணக்கு எழுதிக் கொள்வதற்காக யோசேப்பும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் பெத்லகேம் என்னும் ஊருக்கு வந்தது, சத்திரத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்காமல் போனது, பிறந்த குழந்தையை மாடு தின்னும் தொட்டியிலே கிடத்தியது, முதன்முதலில் சேதி கேட்டு ஓடி வந்தவர்கள் ஆட்டிடையர்களாக இருந்தது — எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லி முடிந்ததும் பின் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான்.

"ஏனுங்க சார், சத்திரம்னா வர்றவங்களுக்கெல்லாம் எடம் குடுக்கத்தானுங்களே கட்டுவாங்க? அங்கயே எடம் இல்லீன்னா அது என்னங்க சத்திரம்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, "கூட்டம் அதிகமாக இருந்ததடா" என்று சமாதானம் சொல்லி மணியடித்ததும் வெளியே வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. காரணம், பையன் சத்திரத்தின் நாட்டிலே பிறந்தவன். மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சத்திரத்தை அறியாதார் யார்? நமக்குத் தென்கிழக்கே இருக்கும் பெரிய ஊரின் பெயரே ஒட்டன்சத்திரம். வழிப்போக்கனுக்குத் திண்ணையும் தண்ணீரும் தராதவன் மனிதனே அல்ல என்று எண்ணிய ஜனங்களின் வமிசத்தில் வந்த பிள்ளை வேறு எவ்விதம் கேட்பான்?

பெத்லகேமின் சத்திரக்காரனைக் கொடியவன் என்று கதை சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான். நாமும் தெய்வத்தை வேண்டுமென்று விரட்டுவதில்லை. மாலை போடுகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம், கற்பூரம் கொளுத்துகிறோம். ஆனால் அது ஏழையின் உருவத்தில், வேண்டாதவனின் உருவத்தில், வேளை கெட்ட வேளையில் வந்து கதவைத் தட்டும்போது மட்டும் நம்மிடம் இடம் இருப்பதில்லை.

இப்படி எண்ணமிட்டுக் கொண்டிருக்கையில் நமது ஜில்லாவோடு சம்பந்தப்பட்ட ஒருவருடைய சரித்திரம் நம் ஞாபகத்துக்கு வந்தது. விருந்தாளி ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்ததற்காக நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டவர் அவர். பெயர் ரால்ப் ரிச்சர்டு கெய்தான். 1898-இல் அமெரிக்காவில் பிறந்து, 1925-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஊழியராகத் தமிழ் நாட்டுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அந்நிய தேசங்களிலிருந்து வரும் பாதிரிமார்கள், ஸ்தாபிதமான அரசாங்கத்துக்கு உரிய மரியாதை செலுத்துவோம், அரசியல் விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்று உறுதி கூறியே இந்த நாட்டில் கால் வைக்க முடியும். கெய்தானும் அந்த நிபந்தனையின் கீழ் வந்தவர்தாம்.

1930-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மகாத்மா காந்தி, வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உப்பு வரி முதலிய அநீதிகள் நீங்காவிட்டால் சட்டத்தை மீறப் போவதாக முன்கூட்டியே தெரிவித்த பிரசித்தமான கடிதம் அது. அதை டில்லிக்கு எடுத்துச் சென்று சேர்ப்பித்தவர் ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். அவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆங்கிலேயரிடம் தமக்குத் துவேஷம் இல்லை என்பதைக் காட்டவே காந்தியடிகள் ஓர் ஆங்கிலேயரைத் தூதராகத் தேர்ந்தார். அதே ரெனால்ட்ஸ் பின்னர் மதுரைப் பக்கம் வந்தபோது கெய்தான் அவரைத் தம் வீட்டில் விருந்தாளியாக ஏற்றுக் கொண்டார். கெய்தான் கதர் உடுத்துவதையே கோபக் கண்ணோடு பார்த்து வந்த அதிகாரிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. விளைவு, அவர் இந்தியாவை விட்டுப் போக நேர்ந்தது.

வந்தவனுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தது ஒரு குற்றமா? அன்றைய சட்டப் புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ நாம் அறியோம். ஆனால் பெத்லகேமின் சத்திரத்தில் நடவாத காரியம் மதுரையில் ஒரு வீட்டில் நடந்தது என்று மட்டும் நமக்குத் தோன்றுகிறது.

அதற்கு அடுத்த வருஷம், 1931 டிசம்பரில், வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிக் கொண்டிருந்த காந்தியடிகள் கிறிஸ்துமஸ் தினத்தன்று 'பில்ஸ்னா' என்ற கப்பலில் நடுக்கடலில் இருந்தார். அன்று அவர் ஏசுநாதரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார். உலகத்தில் மெய்யான சமாதானம் ஏற்படாத வரையில், நம் வாழ்விலே அன்பு நிலைக்காத வரையில், கிறிஸ்து இன்னும் பிறக்கவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். பத்து நாளைக்குள், 1932 ஜனவரி 4-ஆம் தேதி, அவர் பம்பாயில் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார். பண்டிகைப் பேச்சுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவே அவருக்கு அவ்வளவு தூரந்தான் இருந்தது.

கெய்தானின் கதை 1930-உடன் முடியவில்லை. அவர் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். 1944-இல் இரண்டாம் முறையாக வெளியேற்றப்பட்டார். சுதந்திரம் கிடைத்தது; மீண்டும் வந்தார். இம்முறை அவரை வெளியேற்றுவார் இல்லை. 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்தின் பணிகளில் அவர் கலந்து கொண்டார். சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதனோடும் கிருஷ்ணம்மாளோடும் சேர்ந்து பூதான இயக்கத்தில் ஈடுபட்டார். நிலமுள்ளவனிடம் நிலமற்றவனுக்காகக் கையேந்தும் இயக்கம் அது. இந்தியாவில் தாம் வாழ்ந்த வாழ்வை அவர் ஒரு யாத்திரையாகவே கருதினார். தம் வரலாற்றை எழுதியபோது நூலுக்கும் அந்தப் பொருளிலேயே பெயரிட்டார். 1984-இல் அவர் காலமானார்.

இனி, நமது சிறுவன் கேட்ட சத்திரத்துக்கு வருவோம். 1955-ஆம் வருஷம், கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ. கே. தரியன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒட்டன்சத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் கெய்தானும் ஒருவர். படித்த டாக்டர்கள் பட்டணத்தைத் தேடி ஓடும் காலத்தில், இவர்கள் பட்டணத்தை விட்டுக் கிராமத்தைத் தேடி வந்தார்கள். 'கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரி' என்று அதைச் சொல்வார்கள். நமது பக்கத்துக் குடியானவர்களுக்குப் பெயர் நினைவிராது. 'ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரி' என்றால் போதும்.

நமது தாயாரும் சில வருஷங்களுக்கு முன்பு அங்கே பத்து நாள் படுத்திருக்க நேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் நமது ஊரைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருந்தாள். நமது ஊர் என்று சொன்னோம். ஆனால் ஊருக்கு அப்பால், சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்ட கடைசித் தெரு. நாம் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அது வரையில் தாயாருக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்ததும், கைத்தாங்கலாக நடத்திச் சென்றதும் அந்த அம்மாள்தான். ஆஸ்பத்திரியில் தெரு ஏது? கட்டிலுக்கு நம்பர்தான் உண்டு.

வீடு திரும்பியதும் தெரு திரும்பி வந்துவிட்டது. எவரும் எதுவும் சொல்லவில்லை; தானாகவே வந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்து விட்டதாக 1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. அதை நாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறோம்; பரீட்சையில் கேள்வியாகவும் கேட்கிறோம். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் வீட்டிலிருந்து புறப்படும் பலகாரத் தட்டு எந்தத் தெரு வரையில் போகிறது என்று அந்தப் பையன் கேட்டிருந்தானானால், நமக்கு மணியடித்துக்கூடத் தப்ப வழி இருந்திராது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், வழக்கம் போல், அடுத்த வீதியிலிருந்து கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அதிரசமும் முறுக்கும் வாழைப்பழமும் வைத்த தட்டை மூடிக் கொண்டு வந்தாள். தாயார் வாங்கி வைத்துவிட்டு, அவள் போனபின் வெகு நேரம் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு அதைப் பாதியாகப் பிரித்து வேறொரு பாத்திரத்தில் வைத்து, வீட்டில் செய்திருந்த சுண்டலையும் சேர்த்து மூடினார்.

"கண்ணு, கையைப் பிடிச்சுக்கிட்டு வா. கடைசித் தெரு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

நமக்குச் சற்றே தயக்கமாக இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பட்டதாரி, உபாத்தியாயர், சபைகளில் சமத்துவம் பேசுகிறவர். இருந்தும் நம் மனத்தில் எழுந்த முதல் கேள்வி, வழியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே. தாயார் நம் முகத்தைப் பார்த்துப் புரிந்து கொண்டார்.

"ஆசுபத்திரியிலே அவ கையாலே தண்ணி வாங்கிக் குடிச்சப்போ யாரு என்ன நினைப்பாங்கன்னு நான் பார்க்கலியேப்பா" என்றார்.

போனோம். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒருவர், "எங்கே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு?" என்று கேட்டார், பதில் சொன்னோம், அவர் பேசாதிருந்துவிட்டார். கடைசித் தெருவில் ஒற்றை அறை வீடு ஒன்றின் முன்னால் தாயார் நின்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் வெளியே வந்தாள். ஒரு கணம் திகைத்து நின்றாள். அந்த வீட்டில் பேரப் பிள்ளைகள் மூவர், மருமகள், தையல் மெஷின், தவிர மூலையில் கட்டிக் கிடந்த ஓர் ஆட்டுக்குட்டி. நிற்கவும் இடமில்லை. ஆனால் அவள் "வாங்கம்மா, வாங்க" என்று சொல்லிக் கொண்டே மெஷினை ஒதுக்கி, பிள்ளைகளை எழுப்பி, மாடத்திலிருந்து பாயை எடுத்து உதறி விரித்தாள். "சார், நீங்களும் உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தோம். காப்பி வந்தது, குடித்தோம்.

நேயர்களே, நாம் அங்கே ஒரு தர்மம் செய்யப் போகிறோம் என்றுதான் நினைத்துப் போனோம். இடம் கொடுத்தவள் அவள். பெற்றுக் கொண்டவர்கள் நாங்கள். அதுவும் பல வருஷம் தாமதமாக.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தச் சிறுவனை அழைத்து, "நீ கேட்டது சரியான கேள்விதான். இடம் கொடுக்காவிட்டால் அது சத்திரம் அல்ல" என்று சொன்னோம். அவன் தான் கேட்டதையே மறந்து போயிருந்தான். "சரீங்க சார்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

தெய்வத்துக்கு மனிதன் கொடுக்கக் கூடிய மரியாதை எது என்று நம்மைக் கேட்டால், பெரிய தத்துவம் எதுவும் சொல்ல மாட்டோம். கிறிஸ்தவ நேயர்கள் குடில் கட்டும்போதும், ஹிந்து நேயர்கள் கோலமிட்டுப் பூ வைக்கும்போதும், முஸ்லிம் நேயர்கள் பெருநாள் சோறு பகிரும்போதும் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டுத் தட்டு வழக்கமாக எந்த வாசலோடு நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். இந்தப் பண்டிகையில் அதற்கு அடுத்த வாசலுக்கும் ஒரு முறை போய் வாருங்கள். ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.