குழாயின் மதகு: கேட் வால்வின் பராமரிப்பும் பழுதுபார்ப்பும்

ஏரிக்கு மதகு எப்படியோ, தொழிற்சாலைக் குழாய்க்குக் கேட் வால்வு அப்படி. பலகையை உயர்த்தினால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். 1839இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தெருவோரக் குடிநீர்க் குழாய்களுக்காக ஆப்பு வடிவப் பலகை கொண்ட வால்வை வடிவமைத்தார். இன்றைய கேட் வால்வுகள் பலவற்றிலும் அந்த ஆப்பைக் காணலாம்.

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பால் வெட்டிய தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. அங்கே அறுக்கப்படும் குலைகள் போய்ச் சேரும் ஆலைகளில் நீராவி, தண்ணீர், எண்ணெய் யாவும் குழாய்களில்தான் ஓடுகின்றன. குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரில் நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 3 பார். வெப்பம் 140 பாகை செல்சியஸ். அந்தக் கலத்தைச் சுத்தம் செய்ய ஒருவர் உள்ளே இறங்கும்போது, நீராவி வரும் வழி உண்மையாகவே அடைபட்டிருக்க வேண்டும். ஆகவே, வால்வின் பராமரிப்பு என்பது ஓர் உயிரின் பாதுகாப்பு.

எப்படி இயங்குகிறது?

கைச்சக்கரத்தைச் சுற்றினால் மரையுள்ள தண்டு ஆப்பை ஏற்றி இறக்கும். ஆப்பு இறங்கி, இருபுறமும் உள்ள உலோக இருக்கைகளில் இறுகப் பொருந்தும்போது வழி அடைபடும். தண்டு வெளிவரும் இடத்தில் கசியாமலிருக்க, கிளாண்ட் என்னும் பகுதியில் பேக்கிங் வளையங்கள் அடைக்கப்பட்டிருக்கும். வால்வின் உடலுக்கு மேல்மூடியாக அமைவது பானட்.

கேட் வால்வுக்கு இரண்டே நிலைகள்தாம்: முழுத் திறப்பு அல்லது முழு அடைப்பு. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாயின் அதற்குக் குளோப் வால்வு இருக்கிறது. கேட் வால்வைப் பாதி திறந்து வைத்தால், குறுகிய இடைவெளியில் விரைந்து பாயும் நீராவி ஆப்பின் விளிம்பையும் இருக்கையையும் அரித்துவிடும். ஆப்பும் அதிர்ந்து தேயும். பிறகு அந்த வால்வை எவ்வளவு இறுக்கினாலும் அது முழுமையாக அடைக்காது.

பராமரிப்பு

மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும் வால்வு, மூட வேண்டிய அவசர நேரத்தில் அசையாது. எனவே, ஆலை அனுமதிக்கும் வேளைகளில் அதனைச் சில சுற்றுகளாவது மூடித் திறந்து பார்க்க வேண்டும். தண்டின் மரையைத் துடைத்து மசகு இட வேண்டும். முழுதும் திறந்த பின் சக்கரத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி வைத்தால் தண்டு சிக்கிக்கொள்ளாது.

சூடாக இருக்கையில் இறுக மூடிய வால்வு, குளிர்ந்ததும் திறக்க மறுப்பதுண்டு. வால்வின் உடல் சுருங்கி ஆப்பை நெரித்துக்கொள்வதே காரணம். அப்போது சக்கரத்தில் நீண்ட குழாயைச் சொருகி முறுக்கினால் தண்டு வளையலாம், முறியவும் கூடும். இத்தகைய இடங்களுக்குச் சிறிது வளைந்துகொடுக்கும் ஆப்புள்ள வால்வே ஏற்றது.

பழுதுபார்ப்பு

தண்டருகே கசிந்தால், கிளாண்ட் நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் தண்டில் கீறல் விழும். அதற்கும் நிற்காவிட்டால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். புதிய வளையங்களைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் திருப்பி அடுக்க வேண்டும். பழைய வால்வுகளின் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனைச் சுரண்டித் தூசு கிளப்புவது நுரையீரலுக்குக் கேடு.

மூடியும் கசிந்தால், இருக்கையில் அழுக்கு சிக்கியிருக்கலாம். சற்றே திறந்து ஓட்டத்தால் கழுவியபின் மீண்டும் மூடிப் பார்க்கலாம். அரிப்புதான் காரணம் என்றால் வால்வைப் பிரித்து, தேய்ப்புப் பசையால் இரு முகங்களையும் தேய்த்துப் பொருத்த வேண்டும். நீலச் சாயம் தடவி ஒற்றிப் பார்த்தால், இருக்கை முழுதும் படிகிறதா என்பது தெரியும். பானட்டைத் திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் இட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும்.

மூடியதை நம்பலாமா?

பிரிப்பதற்கு முன் அழுத்தத்தை இறக்கி, வடித்து, ஆறவிட்டு, வால்வுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இட வேண்டும். சாவி, வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும். ஆள் உள்ளே இறங்கும் பணியாயின் ஒரே ஒரு மூடிய வால்வை நம்புவது தகாது. குழாயின் இணைப்பில் தடுப்புத் தகடு செருகியோ, குழாயைக் கழற்றியோ வழியைத் துண்டிக்க வேண்டும். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்டது. இப்போது, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் மாறினாலும் 140 பாகை நீராவி மாறுவதில்லை.

வால்வுக்குத் 'தடுக்கிதழ்' என்ற கலைச்சொல் நம்மிடம் உண்டு. ஆயினும், ஆலைத் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களையே இக்கட்டுரை பெரிதும் கையாண்டுள்ளது. கலைச்சொல் ஆக்குவது நம் கடமை. ஆனால், எச்சரிக்கை என்பது கேட்டவுடன் புரிய வேண்டும். ஆலைப் பணிமனைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுதித் தருவதும் தமிழ்ப் பணியே. பொறியியல் பயிலும் நண்பர்கள் இதனைத் தொடர வேண்டும்.