அந்திக் கல்லூரி – 9: இரண்டு புஷல் கோதுமை

சென்ற வாரம் லண்டனில், டாக்டர் ஜார்ஜ் பர்க்பெக் 1823இல் தொழிலாளருக்காக ஏற்படுத்திய மாலைக் கல்விக்கூடத்தோடு நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு இவ்வளவு நினைவூட்டல் போதும். இந்த வாரம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் ஹார்வர்டுக்கு வந்து படிக்கும் வயது வந்தோர் கலைப் பட்டம் பெறும் முறையையும், அவர்களுக்கு வகுத்திருக்கும் பாடத்திட்டத்தையும் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்த ஏற்பாட்டின் மூலத்தைத் தேடிப் போன இடத்தில் ஓர் உயில் அகப்பட்டது. அதில் உள்ள ஒரு ஷரத்து இந்த வாரம் முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகையால் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவை.

உயிலை எழுதியவர் ஜான் லோவல். 1799இல் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரான்சிஸ் கேபட் லோவல், நூற்பையும் நெசவையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, பஞ்சாக உள்ளே போவது துணியாக வெளியே வரும்படி வால்தம் என்ற ஊரில் ஆலை அமைத்து, அமெரிக்கப் பருத்தித் தொழிலுக்கே அடிகோலியவர். அவர் காலமான பிறகு எழுந்த ஆலை நகரம் ஒன்று அவர் பெயராலேயே லோவல் என்று வழங்கலாயிற்று. மகனுக்குச் செல்வத்தில் குறைவில்லை. ஆயினும் 1830, 31இல், சில மாத இடைவெளிக்குள், மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்துவிட்டு, வெறிச்சோடிப் போன வீட்டில் இருக்க மனம் கொள்ளாமல் தேசாந்தரம் புறப்பட்டார். கிளேயர் என்ற சுவிஸ் ஓவியரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு, கண்ட காட்சிகளையெல்லாம் சித்திரமாக எழுதச் செய்தபடி எகிப்து வரை சென்றார். அங்கே, நைல் நதிக்கரையில், லக்ஸர் நகரத்துப் பழைய இடிபாடுகளின் நடுவே, தேகம் நோயால் தளர்ந்திருந்த நிலையில், 1835இல் தம் உயிலுக்கு இறுதி வடிவம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். பின்னர் செங்கடலில் கப்பல் உடைந்து, உயிர் தப்பி, எப்படியோ நம் பம்பாய் வந்து சேர்ந்து, 1836 மார்ச் 4ஆம் தேதி, 36 வயதில், அங்கேயே கண்ணை மூடினார். பாஸ்டன் நகரத்துப் பாமர ஜனங்களின் கல்விக்காகத் தம் சொத்தில் பாதியை, ஏறத்தாழ 2,50,000 டாலரை, எழுதிவைத்த அந்த மனிதர் அந்தக் கல்வியின் முதல் நாளைக்கூடப் பார்க்கவில்லை.

உயிலின் ஷரத்துக்களில் அவருடைய புத்தி தெளிவாகத் தெரிகிறது. மூலதனத்தில் ஒரு காசைக்கூடக் கட்டடத்துக்குச் செலவிடக் கூடாது. ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மூலதனத்தோடு சேர்த்துக்கொண்டே வரவேண்டும். நிர்வாகக் குழு எதுவும் கிடையாது, லோவல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே ஒரு தர்மகர்த்தாதான். பிரசங்கங்கள் இருவகை. பொதுவானவை எல்லாருக்கும் இலவசம். ஆழ்ந்து கற்க விரும்புவோருக்கு நடத்தும் கடினமான வகுப்புக்களுக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம். அதுவும் ஆறு மாதப் படிப்புக்கு இரண்டு புஷல் கோதுமையின் விலையைத் தாண்டலாகாது. என்னைப் பிடித்துக்கொண்ட ஷரத்து இதுதான்.

அமெரிக்க வழக்கப்படி ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு எடை. இரண்டு புஷல் என்றால் 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு மூட்டைத் தானியம்! பல லட்சம் ரூபாய்க்குச் சமமான தர்மத்தை எழுதும் ஒருவர், மாணாக்கன் தரவேண்டியதை டாலரில் குறிக்காமல் தானியத்தில் குறித்த விவேகத்தை எண்ணிப் பாருங்கள். அக்காலத்து அமெரிக்காவில் வங்கிக்கு வங்கி வெவ்வேறு காகித நோட்டு. ஊருக்கு ஊர் அதன் மதிப்பும் வேறு. நாணயத்தின் மதிப்பு ஏறும், இறங்கும்; ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக்கு வேண்டிய தானியமோ எந்தக் காலத்திலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆகவே கல்வியின் விலையை ஏழையின் அடுப்போடு கட்டிவைத்துவிட்டார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் அறுவடைக் காலத்தில் நெல்லாக அளந்து வாங்கியதும் இதே நியாயத்தால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எளிய பிரசங்கத்தை இலவசமாக்கியது தயை; கடினமான கல்வியையும் கூலிக்காரன் நாடி வருவான், தன்னால் இயன்றதைக் கொடுத்துப் படிப்பான் என்று எதிர்பார்த்தது அவனிடம் வைத்த மரியாதை. இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தி வருவது இந்த மரியாதையைத்தான்.

அவருடைய எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. 1839 டிசம்பர் 31ஆம் தேதி எட்வர்ட் எவரெட் நிகழ்த்திய நினைவுரையோடு, உயில்படி அமைந்த பிரசங்க ஸ்தாபனம் தொடங்கியது. அடுத்து யேல் கல்லூரியின் பெஞ்சமின் ஸில்லிமன் பூகர்ப்ப சாஸ்திரம் பற்றிப் பேசினார். மறு வருஷம் அவரே ரசாயனம் பற்றிப் பேசப் போகிறார் என்று தெரிந்ததும், நுழைவுச் சீட்டு வழங்கிய புத்தகக் கடையின் முன் தெருக்கள் அடைபடும்படி ஜனங்கள் திரண்டு, நெரிசலில் கடையின் ஜன்னல்களே நொறுங்கிப் போயின. ரசாயனப் பிரசங்கம் கேட்க ஜன்னல் உடைந்த ஊர் வேறு உண்டோ, நான் அறியேன்.

அதே காலத்தில், சிறிது தொலைவில், லோவல் நகரத்து ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தறிகளின் இரைச்சலில் நின்ற கிராமத்துப் பெண்கள், இரவில் சொற்பொழிவுகளுக்குப் போனார்கள். கவிதையும் கட்டுரையும் எழுதி 1840 முதல் ‘லோவல் ஆபரிங்’ என்ற பத்திரிகையை நிரப்பினார்கள். அந்தத் தறிகளுக்கு வந்த பஞ்சு தென் மாநிலங்களில் அடிமைகளின் கைகள் பறித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிலில் தர்மமாக மாறிய பணத்தில் அவர்களுடைய வியர்வையும் இருக்கிறது. அவர்களுக்கோ எழுத்தறிவிப்பதையே தென்னாட்டின் பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருந்தன.

இனி ஹார்வர்டு. 1909இல் அதன் தலைவரான அபட் லாரன்ஸ் லோவல் அந்தக் குடும்பத்தவர். மேற்சொன்ன தர்மத்தின் தர்மகர்த்தாவும் அவரே. இரண்டு பொறுப்புக்களும் ஒருவர் கையில் சேர்ந்த நல்ல சந்தர்ப்பத்தில், 1910இல், பிரசங்கம் கேட்பதோடு நில்லாமல், வேலை பார்ப்போர் மாலை வகுப்புக்களில் படித்துப் பட்டமே பெறலாம் என்ற ஏற்பாடு பிறந்தது. நுழைவுத் தேர்வு இல்லை. விடுதியில் தங்க வேண்டியதில்லை. படிக்க வேண்டிய பாடங்களின் தொகையோ பகல் மாணவர்களுக்கு உள்ளதே. பழைய கோதுமை அளவையே கட்டணத்துக்கு அளவுகோலாகவும் வைத்துக்கொண்டார்கள். ஆயினும் பட்டத்தின் பெயரில் மட்டும் தாராளம் இல்லை. பி.ஏ. என்று கொடுக்க மனமில்லாமல் ‘அஸோஸியேட்’ என்றார்கள். இரண்டு வருஷக் கல்லூரிகள் அதே பெயரை எடுத்துக்கொண்ட பிறகு ‘அட்ஜங்ட்’ என்று மாற்றினார்கள். இளங்கலை என்ற அந்தஸ்து பெயரில் ஏற 1960 ஆயிற்று. அரை நூற்றாண்டு! சம உழைப்பை வாங்கிக்கொண்டு சமமான பெயரைத் தர மறுத்தது அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் சேர்க்கும் முறையில் அவர்கள் செய்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். முன்னே வாங்கிய மதிப்பெண்ணைக் கொண்டு ஆளை நிறுத்துவதில்லை. யாரும் வந்து சில பாடங்களை எடுத்துப் படிக்கலாம்; கட்டுரை எழுதும் பயிற்சியும் அவற்றுள் அடக்கம். அவற்றில் நல்ல தரத்தில் தேறிவிட்டால், அந்தத் தேர்ச்சியே பட்டப் படிப்புக்கு அநுமதி. நுழைவாயில் அகலம், வெளிவாயில் குறுகல். நம் நாட்டில் பெரும்பாலும் இதைத் தலைகீழாக அமைத்துவிட்டு, பிறகு கல்வியின் தரம் குன்றிற்று என்று வருந்துகிறோம்.

பட்டத்துக்கு மொத்தம் 32 பாடங்கள். வேறு கல்லூரியில் எப்போதோ படித்து நிறுத்தியவை இருந்தால் பாதி வரை கணக்கில் கொள்வார்கள். ஒன்றும் இல்லாமல் வருபவர், பருவத்துக்கு ஒரு பாடமாக வருஷத்தில் இரண்டு முடித்தால், 16 வருஷம். இரண்டிரண்டாக முடித்தால் எட்டு. தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர், மாலை வகுப்பில் பிளேட்டோவைப் பற்றிய விவாதத்தைக் கேட்டுக் குறிப்பெடுத்து, வீடு திரும்பிக் குழந்தைகளைத் தூங்கச் செய்த பின் மேஜையில் உட்கார்ந்து கட்டுரை எழுதும் இரவுகள் எத்தனை என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா. பதினாறு வருஷத்தில் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை கல்லூரியை முடித்துவிடும்.

மேரி ஃபசானோ என்ற அம்மையார் இதற்குப் பிரசித்தமான உதாரணம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ரோட் ஐலண்டில் பருத்தி ஆலை ஒன்றில் வேலைக்குப் போனவர். ஐந்து குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியவர். 71ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை மீண்டும் எடுத்தவர். அதன் பின் ஹார்வர்டின் மாலை வகுப்புக்களில் சேர்ந்து ஒவ்வொரு பாடமாக முடித்து, 1997இல், 89ஆம் வயதில் கலைப் பட்டம் பெற்றவர். அன்று பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேசியவரும் அவரே. பருத்தி ஆலையில் சேர்ந்த செல்வம் ஓர் உயிலாகி, உயில் பிரசங்கமாகி, பிரசங்கம் பட்டமாகி, பருத்தி ஆலைக்குப் படிப்பைப் பறிகொடுத்த ஒரு சிறுமியின் கையில் முதுமையில் வந்து சேர, லோவல் மறைந்ததிலிருந்து 161 வருஷம் ஆயிற்று. உத்தியோக உயர்வுக்காகத்தான் பெரியவர்கள் படிக்கிறார்கள் என்று வாதிப்போர், 89 வயதில் அந்த அம்மையார் எந்த உத்தியோகத்தை எதிர்பார்த்தார் என்பதைச் சொல்லட்டும்.

மனத்தை உறுத்தும் ஒன்றும் உண்டு. இன்று அங்கே ஒரு பாடத்துக்குக் கட்டணம் 2,000 டாலருக்கு மேல். இரண்டு புஷல் கோதுமையோ இன்றைய அமெரிக்கச் சந்தையில் இருபது டாலர்கூடப் பெறாது. பகல் மாணவர் செலுத்துவதைவிட இந்தக் கட்டணம் மிகக் குறைவுதான். ஆனாலும் லக்ஸரில் எழுதிய அளவு எங்கே, இது எங்கே! உயிலின் சொல் பிரசங்கங்களைத்தான் கட்டும், பட்டப் படிப்பைக் கட்டாது என்று சட்டம் படித்தவர்கள் கூறலாம். அதை எழுதியவரின் நோக்கம் எதைக் கட்டும் என்பதே கேள்வி.

இடம் முடிந்துவிட்டது. அந்த 32 பாடங்களில் இலக்கியத்துக்கு எவ்வளவு, விஞ்ஞானத்துக்கு எவ்வளவு, அந்நிய பாஷை எதற்காக என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்கு முன், 1960களில் போலாரிஸ் நீர்மூழ்கிக் கப்பல்களில் கடலுக்கடியில் இருந்தபடி, படம் பிடித்த ஹார்வர்டு வகுப்புக்களைத் திரையில் பார்த்துப் பாடம் படித்த கடற்படை வீரர்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல வேண்டும்.