குற்றவாளி முகம், வக்கீல் குரல்

ஒரு நடிகரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு என்ன வேடம் என்று சினிமாக் கம்பெனிகள் முடிவு கட்டிவிடும். ரேமண்ட் பர் விஷயத்தில் அந்த முடிவுக்கு அதிக நேரம் பிடித்திருக்காது. ஆஜானுபாகுவான உடம்பு, அகன்ற தோள், இமைக்காமல் பார்க்கிற பெரிய வெளிர்நிறக் கண்கள். 1940-களின் ஹாலிவுட் அவரை வில்லன் வரிசையில் நிறுத்திவிட்டது. ‘ரா டீல்’ படத்தில் கோபம் வந்தால் எரியும் தீயை ஒரு பெண் மீது வீசும் தாதா. ‘பிட்ஃபால்’ படத்தில் ஒருத்தியை விடாமல் துரத்தும் தனியார் துப்பறிவாளர். இரண்டுமே 1948-ல் வந்தவை. பத்துப் பதினோரு வருஷத்தில் ஏறத்தாழ ஐம்பது படங்கள். பெரும்பாலானவற்றில் கொலைகாரன், மிரட்டுகிறவன், துரோகி.

அதே மனிதர் 1957-க்குப் பிறகு அமெரிக்காவில் நியாயத்தின் முகமாகவே ஆகிப்போனார். பெர்ரி மேசன் என்றால் அவர்தான். ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்தும் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கியும் படித்த நம் ஊர்த் தலைமுறைக்கு அந்த வக்கீலைத் தெரியும். அவருக்கு முகம் கொடுத்தவரை அவ்வளவாகத் தெரியாது.

பிறந்தது 1917 மே 21, கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் நகரில். அப்பா இரும்புச் சாமான் விற்பனையாளர், அம்மா பியானோ வாசிப்பவர். பையனுக்கு ஆறு வயதானபோது இருவரும் பிரிந்துவிட, அம்மா பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவின் வலேஹோவுக்குக் குடிபெயர்ந்தார். பசடீனா பிளேஹவுஸில் நாடகப் பழக்கம், நியூயார்க் பிராட்வேயில் சில மேடைகள், பிறகு ஹாலிவுட். இந்தப் பகுதியை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தன் இளமையைப் பற்றி அவரே பத்திரிகைகளுக்குச் சொன்ன கதைகளில் எது நிஜம், எது கற்பனை என்று பிரிப்பது கஷ்டம். ஏன் அப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அவருடைய வில்லன்களில் ஒருவனை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’, 1954. கால் முறிந்து சக்கர நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர் ஒருவர் எதிர்வீட்டு ஜன்னல்களை வேடிக்கை பார்க்கிறார். அதில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவன் லார்ஸ் தோர்வால்ட், நகைகள் விற்கும் பயணப் பிரதிநிதி. படுக்கையோடு படுக்கையாகிவிட்ட மனைவி ஒருநாள் காணாமல் போகிறாள். அவன் கொட்டுகிற மழையில், நள்ளிரவில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான், வருகிறான், மறுபடி போகிறான்.

இந்த வேடத்தில் வசனம் சொற்பம். முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து நாம் பார்க்கிற ஓர் உருவம், அவ்வளவுதான். எதிர்ப்பக்க வீடுகளில் நடித்தவர்களுக்கெல்லாம் காதில் தோல்நிறத்தில் சின்னக் கருவியை மாட்டி, இந்தப் பக்கத்திலிருந்து ரேடியோ மூலம் ஹிட்ச்காக் உத்தரவு சொல்லிக்கொண்டிருந்தார். பர்ருக்கு அப்போது வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனால் நரைத்த சுருட்டை முடியும் கண்ணாடியும் வைத்து, தளர்ந்த நடுவயதுக்காரராக பர்ரை மாற்றிவிட்டார்கள். அவர் அந்த வயதை முதுகில் சுமந்து காட்டுகிறார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிரும்போது இடுப்பில் தெரியும் சோர்வைப் பாருங்கள். கொலை செய்தவன் என்று சந்தேகப்படும்போதே, வாழ்க்கை அலுத்துப்போன ஒரு கணவன் என்றும் தெரிகிறது.

அப்புறம் அந்த ஒரு கணம். கதாநாயகி அவன் மனைவியின் மோதிரத்தைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி, எதிர்வீட்டுக்குச் சைகை காட்டுகிறாள். தோர்வால்ட் அந்தக் கையைப் பார்க்கிறான். சைகை யாருக்கு என்று யோசிக்கிறான். மெதுவாகத் தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்க்கிறான். பர் ஒரு புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. இவ்வளவு நேரம் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் தூக்கிவாரிப்போடுகிறது. கடைசியில் அவன் இருட்டு அறைக்குள் வந்து நின்று, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கும்போது, அந்தக் குரலில் மிரட்டலைவிட இறைஞ்சல் அதிகம். பிளாஷ் பல்புகள் கண்ணில் பட்டுப் பட்டு அவன் தடுமாறுவதைப் பார்க்கையில், பரிதாபப்படுவதா பயப்படுவதா என்று புரிவதில்லை. ஒரு வில்லனிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

அசையாமல் இருப்பது, குரலை ஏற்றாமல் பேசுவது, எதிராளியை உற்றுக் கேட்பது. பர்ரின் மூலதனம் இந்த மூன்றுதான். வில்லன் வேடத்துக்கும் வக்கீல் வேடத்துக்கும் அவர் அதையே பயன்படுத்தினார். உடம்பைக் குறைத்தார், சட்டையை மாற்றினார், நடிப்பை மாற்றவில்லை.

வக்கீல் வேடம் கிடைத்த கதையில் ஒரு பெண்ணின் கண் இருக்கிறது. கெயில் பேட்ரிக் ஜாக்சன். முப்பதுகளில் நடிகையாக இருந்தவர், பிறகு ‘பெர்ரி மேசன்’ தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர். தொலைக்காட்சியில் பெண்கள் அந்த நாற்காலியில் உட்காருவது அபூர்வமாக இருந்த காலம் அது. 1951-ல் வந்த ‘எ பிளேஸ் இன் தி சன்’ படத்தில் பர் அரசுத் தரப்பு வக்கீலாக வருவார். நீதிமன்றத்துக்குள்ளேயே படகைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஏறி உட்கார்ந்து, துடுப்பால் ஓங்கி அடித்துக் காட்டுவார். அந்தக் காட்சி ஜாக்சனின் மனதில் நின்றுவிட்டது. பர் சோதனைக்கு வந்தது மேசனிடம் வாராவாரம் தோற்கிற அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்கு. மேசன் வேடம் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அறுபது பவுண்டு எடை அதிகம் என்று ஜாக்சன் சொல்ல, பர் பட்டினி கிடக்காத குறையாக இளைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தன் நாயகனைத் திரையில் கெடுத்துவிட்டார்கள் என்று முன்பே வெறுத்துப்போயிருந்த கார்ட்னர், பர்ரைப் பார்த்ததும் இவர்தான் மேசன் என்று சொல்லிவிட்டார்.

1957 செப்டம்பர் 21, சனிக்கிழமை இரவு, சிபிஎஸ்ஸில் முதல் அத்தியாயம். 1966 மே 22-ல் கடைசி. ஒன்பது பருவங்கள், 271 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கதையமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கொலை விழும், தப்பான ஆள் மாட்டுவார், மேசன் வாதாடுவார், சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ நிஜக் குற்றவாளி உடைந்துபோவார். பெரும்பாலும் ஜூரிக்கு முன்னால் நடக்கும் முழு விசாரணையாக இல்லாமல் முதற்கட்ட விசாரணையாக வைத்துக்கொண்டார்கள். ஜூரியாகப் பன்னிரண்டு பேரை உட்கார வைக்கும் செலவு அதில் மிச்சம்.

முடிவு தெரிந்த கதையை மக்கள் ஒன்பது வருஷம் பார்த்தார்கள் என்றால் அதற்குக் காரணம் குறுக்கு விசாரணையில் பர் செய்ததுதான். சாட்சியின் பக்கத்தில் போய் நிற்பார். முதல் இரண்டு கேள்விகளில் அக்கறை மட்டும் இருக்கும். பதில் வரும்வரை அந்தப் பெரிய கண்கள் சாட்சியின் முகத்தை விட்டு நகராது. பொய் சொல்லப்படும்போது அவர் ஒரு விநாடி பேசாமல் இருப்பார். அந்த ஒரு விநாடியில் சாட்சிக்கு வேர்த்துவிடும். தோர்வால்ட் நம்மைப் பார்த்த அதே பார்வை. இப்போது அது நிரபராதியின் பக்கம் நின்று பார்க்கிறது.

வேலை முதுகை முறித்தது. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் அவர் இருக்க வேண்டும், பக்கம் பக்கமாக வசனம். வாரநாட்களில் ஸ்டுடியோ வளாகத்திலேயே தங்கி, விடியும் முன்பே எழுந்து மனப்பாடம் செய்வார். 1959-லும் 1961-லும் எம்மி விருது கிடைத்தது. வக்கீல் சங்கங்கள் அவரைப் பேசக் கூப்பிட்டன. ஒரு சட்டக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2009-ல் சோனியா சோட்டோமேயர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்காக செனட் குழுவின் முன் அமர்ந்தபோது, தன்னைச் சட்டத்தின் பக்கம் இழுத்ததில் பெர்ரி மேசனுக்கும் பங்குண்டு என்றார். மேசன் தோற்ற வழக்கு எது என்று ஒரு செனட்டர் கேட்டதற்கு அவருக்கு நினைவு வரவில்லை. 1963-ல் வந்த ‘தி டெட்லி வெர்டிக்ட்’ அது. மேசனின் கட்சிக்காரருக்கு மரண தண்டனை என்ற தீர்ப்போடுதான் அந்த அத்தியாயமே தொடங்கும்.

இனி, தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 1960 மார்ச்சில், ஹாமில்டன் பர்கராக நடித்த வில்லியம் டால்மன் ஒரு விருந்தில் போலீஸ் நடத்திய சோதனையில் கைதானார். ஒப்பந்தத்தில் இருந்த ஒழுக்க விதியைக் காட்டி சிபிஎஸ் அவரை நீக்கியது. சில மாதங்களில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. நிரபராதிகளை விடுவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தொடர், சொந்த நடிகரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை! பர் சும்மா இருக்கவில்லை. டால்மன் திரும்ப வர வேண்டும் என்று வெளிப்படையாக நின்றார். ஜாக்சன் நின்றார், கார்ட்னர் நின்றார், ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் டால்மன் திரும்பி வந்தார். 1968-ல் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதற்குமுன் அவர் புகைப்பழக்கத்துக்கு எதிரான விளம்பரப் படம் ஒன்றில் நடித்தார். அதில் தன் வீட்டையும் குடும்பத்தையும் காட்டிவிட்டு, பர்ரோடு எடுத்த படத்தையும் காட்டினார்.

அந்த ஒழுக்க விதி தன் தலைக்கு மேலும் தொங்குகிறது என்று பர்ருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஆண்களை நேசித்தவர். ‘பெர்ரி மேசன்’ படப்பிடிப்பில் அறிமுகமான ராபர்ட் பெனவிடீஸ் அவருக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாக வாழ்க்கைத் துணையாக இருந்தார். கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்ட உறவு 1976 வரைக்கும் சட்டப்படி குற்றம். வீட்டுக்கு வீடு நியாயத்தின் முகமாக இருந்தவரைச் சட்டம் குற்றவாளி என்றது. அதனால் அவர் ஒரு வாழ்க்கையைக் கற்பனையில் கட்டினார். 1948-ல் நடந்த கல்யாணம் ஒன்று உண்மை. சில மாதங்களில் பிரிந்துவிட்டார்கள். மற்றபடி விமான விபத்தில் இறந்த மனைவி, புற்றுநோயில் இறந்த இன்னொரு மனைவி, பத்து வயதில் ரத்தப் புற்றுநோயில் போன மகன் என்று பத்திரிகைகளில் வந்த எதற்கும் வரலாற்றாசிரியர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைப் பொய் என்று சொல்லி அவர் மீது கோபப்பட என்னால் முடியவில்லை. இல்லாத பிள்ளைக்காக துக்கம் கொண்டாட வேண்டிய நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளிய தொழில்மீதும் காலத்தின்மீதும்தான் கோபம் வருகிறது. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொண்டு அமைப்புகள் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவர் செலவு செய்து வந்தார். கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் பலமுறை போனார். பாட்டு, ஆட்டம், மேடை எதுவும் இல்லாமல் காட்டு முகாம்களுக்கு ஹெலிகாப்டரில் போய் இறங்கி, சிப்பாய்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். உற்றுக் கேட்கிற குணம் கேமராவுக்காக மட்டும் வந்தது அல்ல.

‘ஐரன்சைட்’ அடுத்த தொடர், 1967-லிருந்து 1975 வரை, என்பிசியில். சான் பிரான்சிஸ்கோ போலீஸின் துப்பறியும் பிரிவுத் தலைவர், குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வழக்குகளைத் துலக்குகிறார். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பரிதாபத்துக்கு உரியவராகக் காட்டாமல், எரிந்து விழும், கட்டளையிடும், சாமர்த்தியம் மிக்க நாயகனாக எட்டு வருஷம் நடுவீட்டில் வைத்தது அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய காரியம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு அங்கே விரிவான சட்டம் வந்ததே 1990-ல்தான். இந்த வேடத்துக்கு ஆறு முறை எம்மி பரிந்துரை. ஒரு முறையும் விருது இல்லை. அவருடைய அசையாத உடம்பை முழுக்கப் பயன்படுத்திக்கொண்ட வேடம் இது என்பது என் கணிப்பு.

ஜப்பானிய ‘காட்ஸில்லா’வை 1956-ல் அமெரிக்காவுக்கு ஏற்ப வெட்டி ஒட்டியபோது அதில் செருகப்பட்ட பத்திரிகையாளரும் இவர்தான். சில நாள் வேலை. ஆனாலும் அணுகுண்டின் நிழல் படிந்த அந்தக் கதையை அவர் ஒரு சிரிப்புக்கும் இடம் கொடுக்காமல் சொன்னார். ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து அதே பாத்திரமாகத் திரும்பியும் வந்தார்.

1965-ல் ஃபிஜியில் நைதாம்பா என்ற தீவை வாங்கி, தென்னையும் மாடுகளும் வளர்த்தார், 1983-ல் விற்றுவிட்டார். பெனவிடீஸோடு சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய ஆர்க்கிட் கலப்பினங்களை உருவாக்கினார். அவற்றில் ஒன்றுக்கு, மேசனின் செயலாளர் டெல்லாவாக நடித்த பார்பரா ஹேலின் பெயர். வடக்குக் கலிஃபோர்னியாவின் டிரை கிரீக் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம். 1985-ல் ‘பெர்ரி மேசன்’ தொலைக்காட்சிப் படங்களாகத் திரும்பியபோது பர்ரும் ஹேலும் திரும்பினார்கள். நோயோடு போராடிக்கொண்டே கடைசி வருஷம்வரை நடித்து, மொத்தம் 26 படங்களை முடித்துக் கொடுத்தார். 1993 செப்டம்பர் 12-ல், எழுபத்தாறாவது வயதில் காலமானார். சொத்து முழுவதும் பெனவிடீஸுக்கு. உறவினர் சிலர் உயிலை எதிர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

பர்ரைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் மேசனில் தொடங்க வேண்டாம். முதல் நாள் ‘ரியர் விண்டோ’வைப் பாருங்கள். மறுநாள் ‘தி டெட்லி வெர்டிக்ட்’ அத்தியாயத்தைப் பாருங்கள். இரண்டிலும் அவர் கண்களை மட்டும் கவனித்தால் போதும்.