நைட் லைட் போட்டால் நீலம் எங்கே போகிறது?

மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கெடு. அதற்கு முந்தைய வாரம் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீஸ்களிலும் சங்ககிரி லாரி ஆபீஸ்களிலும் கணக்கு எழுதுபவர்கள் நள்ளிரவு தாண்டியும் திரை முன்னால்தான். வந்திருக்கும் கடிதங்களும் அதைப் பற்றித்தான். டியூப்லைட்டை அணைத்துவிட்டு வேலை செய்பவர், திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை எந்த அளவில் வைப்பது என்கிறார். மஞ்சளாக்கினால் கண்ணாடி பவர் ஏறாதாமே என்கிறார் இன்னொருவர். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடும் வாசகரின் குறை வேறு: ராத்திரி தேர்ந்தெடுத்த நிறம் காலையில் வேறாகத் தெரிகிறதாம்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டிலிருந்து படம் திரைக்குப் போகும் கடைசிப் படியில் ஓர் அட்டவணை உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையிலான எண்களாக அங்கே வந்து சேரும். நைட் லைட் பொதுவாகக் கைவைப்பது அந்த அட்டவணையில் மட்டும். பகல் வெளிச்சத்துக்கு ஒப்பான 6500 கெல்வினில் வெள்ளை என்றால் மூன்றுமே 255. பழைய குண்டு பல்பின் 2700 கெல்வினுக்கு இறக்கினால் சிவப்பு அப்படியே நிற்கும். பச்சை 167 அளவுக்கும் நீலம் 87 அளவுக்கும் இறங்கும். 87 என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட வேண்டாம். திரை இந்த எண்களை நேர்விகிதத்தில் ஒளியாக்குவதில்லை. வெளிச்சமாக வரும் நீலம் பத்தில் ஒரு பங்குதான்; பச்சையும் ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். கூட்டிப் பார்த்தால் வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சம் ஏறக்குறைய பாதி.

கண் எரிச்சல் குறைந்தது என்று எழுதுபவர்களில் பலருக்கு மருந்து இந்தப் பாதிதான் என்பது என் எண்ணம். பிரைட்னஸ் பட்டனும் இதையே செய்யும், நிறத்தைத் தொடாமல். ஆனால் அதற்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டி விற்க முடியாது.

கோரல் டிராவுக்கோ போட்டோஷாப்புக்கோ இந்த மாற்றம் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் பெரும்பாலும் மஞ்சள் அதில் விழாது. இருட்டு அறையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வெள்ளை இல்லாததால் கண்ணும் பாதி பழகிவிடுகிறது. சேலையின் பாடிக்குச் சந்தன நிறம் என்று நினைத்து எடுத்தது, வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு வெறும் வெள்ளையாகப் போய்ச் சேரும். நிறம் பார்க்கும் நேரத்தில் நைட் லைட்டை அணையுங்கள்; அறை விளக்கைப் போடுங்கள்.

சாதாரண எல்சிடி திரையில் இன்னொரு வேடிக்கை. பின்னால் எரியும் எல்இடி, நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நைட் லைட் போட்டாலும் அந்த நீலச் சில்லு குறையாமல்தான் எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகம் கதவைச் சாத்துகிறது, அவ்வளவே. கதவிடுக்கில் கசிவது கசியும். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்: பக்கம் ஆரஞ்சாக இருக்க, கறுப்புப் பகுதி மட்டும் நீலச் சாம்பலாக மினுங்கும். ஓஎல்இடி போன்களில் இந்தக் கசிவு இல்லை. அங்கே நீலப் புள்ளியே மங்குகிறது.

இனி, தூக்கம். வெளிச்சம் உடலின் கடிகாரத்தைத் திருப்பும் என்பதை, முட்டைக் கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் கணக்குப் பண்ணிக் கொடுக்கும் நாமக்கல் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனித விழித்திரையிலும் 480 நானோமீட்டர் அளவிலான நீலத்துக்கு அதிகம் விழிக்கும் செல்கள் உண்டு. இங்கிருந்துதான் 'கண் காக்கும் முறை' என்ற விற்பனைப் பேச்சு கிளம்பியது. ஆனால் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஐபோனில் இதே வேலையைச் செய்யும் நைட் ஷிப்டைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தூக்கத்தில் வித்தியாசம் தென்படவில்லை. கடிகாரத்துக்கு நிறம் மட்டுமல்ல, மொத்த வெளிச்சமும் கணக்கு. கெடு நாளின் பதற்றத்தை எந்த நிறமும் வடிகட்டாது.

மற்ற கேள்விகள்:

பவர் ஏறாதா? திரையை மஞ்சளாக்கினால் பவர் ஏறாது என்பதற்குச் சான்று இல்லை.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடி? 17 பரிசோதனைகளை அலசிய 2023-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, கண் அயர்ச்சியைக் குறைப்பதில் அதற்குக் குறுகிய காலப் பலன் இல்லாமல் இருக்கலாம் என்றது.

கண் வறட்சி? திரையைப் பார்க்கையில் இமைப்பது குறையும். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

இருட்டில் வேலை செய்யலாமா? ஒரு சின்ன விளக்கைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து, திரை அதைவிடப் பளிச்சென்று இருந்தால் குறையுங்கள்.

எத்தனை கெல்வின்? விண்டோஸ் நைட் லைட்டில் 0 முதல் 100 வரைதான் காட்டும், கெல்வின் கிடையாது. எண் பார்த்து வைக்க எஃப்.லக்ஸ் செயலி இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.