விரல் ரேகையா, முகச் சாயலா?

களஞ்சியத்துக்கும் பணப்பெட்டிக்கும் பூட்டு வேண்டும் என்பதை எவரும் நம் கிராம மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலேயே இருந்தது. ஆயின், இன்று ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் பெட்டிக்குள் அடங்கி இருப்பதில்லை. வங்கிக் கணக்கு, பட்டா நகல், பயிர்க் காப்பீட்டு விவரம், பிள்ளைகளின் பாடங்கள், மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவு ஆகிய யாவும் சிலேட்டுப் பலகை அளவே உள்ள ஒரு கணினிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. டேப்லெட் எனப்படும் இப்பலகைக் கணினி மலிவு விலையிலும் கிடைப்பதால் பள்ளி, கூட்டுறவுச் சங்கம், வீடு என எல்லா இடங்களிலும் பரவி வருகிறது.

இதனைப் பூட்டுவது எவ்வாறு? விரலை வைத்துத் திறப்பது நலமா, முகத்தைக் காட்டித் திறப்பது நலமா? வாங்குவோர் பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை காண, முதலில் அதனைக் கையாளப் போகிறவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும்.

உழைக்கும் கைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை அடுத்துள்ள ராயகிரிப் பேரூராட்சியை உதாரணமாகக் கொள்வோம். முன்னர் சங்கரன்கோவில் வட்டாரத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட இவ்வூர், 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. இப்பகுதியில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகின்றன. அருகில் உள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்றது. நாற்று நடும் கை, கரும்பு வெட்டும் கை, முள்ளுக்கு நடுவே எலுமிச்சை பறிக்கும் கை, செங்கல் சுமக்கும் கை, சுண்ணாம்பும் சிமெண்டும் குழைக்கும் கை, பீடி சுற்றும் கை ஆகியவற்றில் ரேகை எவ்வளவு மிஞ்சும்? நகரத்து அலுவலகத்தில் தடையின்றி வேலை செய்யும் கருவி, இக்கைகளுக்கு முன்னே தயங்கி நிற்பதில் வியப்பில்லை.

ரேகையின் வரலாறு

விரல் ரேகையை அடையாளமாகக் கொள்ளும் முறை நம் நாட்டில் வளர்ந்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1858ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை வழங்கும் ஒப்பந்தம் ஒன்றில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவைக் கையொப்பத்தோடு பெற்றார். பின்னர் எட்வர்டு ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் கணித முறையை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டனர். 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் ஏற்பட்டது.

கருவில் இருக்கும்போதே விரல் நுனியில் மேடுகளும் பள்ளங்களும் அமைந்துவிடுகின்றன. ஒரே சாயலில் பிறந்த இரட்டையர்க்குங்கூட ரேகை ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மேடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்னும் புள்ளிகளைக் கொண்டே இயந்திரம் ஒருவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது. பலகைக் கணினியில் உள்ள உணர்கருவி பெரும்பாலும் மின்னேற்றத்தால் இயங்குவது. மேடு கருவியைத் தொடுகிறது. பள்ளத்தில் காற்று நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மின் வேறுபாட்டைக் கொண்டு ரேகையின் வடிவத்தை அது அறிந்துகொள்கிறது. ஆதலால் மேடு தேய்ந்திருந்தாலும், தோல் வறண்டு வெடித்திருந்தாலும், விரல் ஈரமாக இருந்தாலும் கருவி குழம்புகிறது.

முகம் காட்டித் திறத்தல்

முகத்தால் திறக்கும் முறை இருவகைப்படும். விலையுயர்ந்த சில கருவிகள் கண்ணுக்குப் புலனாகாத ஒளிப் புள்ளிகளை முகத்தின் மீது தூவி, மூக்கின் உயரத்தையும் கண் குழியின் ஆழத்தையும் அளக்கின்றன. 2017ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த முறை 30,000க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பயன்படுத்துவது. மலிவு விலைப் பலகைக் கணினியில் அவ்வசதி இருப்பதில்லை. முன்புறத்துச் சாதாரணக் காமிராவே அங்கு வாயிற்காவலன். அது காண்பது ஆழமற்ற படத்தை மட்டுமே. ஆளையும் ஆளின் புகைப்படத்தையும் பிரித்தறிவது அதற்கு எளிதன்று.

2019ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு நுகர்வோர் சங்கம் 110 கைப்பேசிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றுள் 42 கைப்பேசிகள் உரியவரின் புகைப்படத்தைக் காட்டியதும் திறந்துகொண்டன. திருமண ஆல்பத்திலும் வாக்காளர் அட்டையிலும் நம் முகம் இருக்கிறது என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். ஒரே சாயலுள்ள உடன்பிறந்தவர்க்கு இம்முறை இடங்கொடுத்துவிடுவதும் உண்டு. அந்தி மங்கிய வேளையிலும், விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்திலும், உரியவருக்கே கதவு திறவாமல் போவதும் உண்டு.

ஆண்ட்ராய்டு மென்பொருளை வெளியிடும் கூகுள் நிறுவனம் இத்தகைய பூட்டுகளை மூன்று தரமாகப் பிரித்துள்ளது. போலி அடையாளத்தைக் காட்டி ஏமாற்றும் முயற்சிகளில் நூற்றுக்கு 7க்கு மேல் பலிக்கக் கூடாது என்பது முதல் தரத்துக்கு வைக்கப்பட்ட அளவு. 7க்கு மேல் 20 வரை பலிப்பது இரண்டாம் தரம். அதற்கும் மேற்பட்டது வெறும் வசதிக்காக உள்ள மூன்றாம் தரம். மலிவு விலைக் கருவியின் முகப் பூட்டு பெரும்பாலும் இக்கடைசித் தரத்தைச் சேர்ந்ததே. வங்கிச் செயலி போன்றவற்றுக்கு இத்தரத்துப் பூட்டைச் சாவியாகக் கொள்ள அம்மென்பொருள் இடம் தருவதில்லை. முகம் காட்டித் திறந்த அதே கருவி, வங்கிச் செயலியில் மட்டும் எண்ணைக் கேட்பதன் காரணம் இதுவே.

நியாய விலைக் கடை தந்த பாடம்

விரல் ரேகையின் நிறையும் குறையும் நம் மக்களுக்கு முதன்முதலில் நன்கு விளங்கிய இடம் நியாய விலைக் கடையே. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. 2020ஆம் ஆண்டில் விரல் ரேகை சரிபார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒருவர் பங்கை மற்றொருவர் பெற்றுச் செல்வதை இது தடுக்க உதவியது. ஆனால், ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்த விரலை உடைய முதியவர்கள், இயந்திரத்தில் மீண்டும் மீண்டும் விரலை வைத்தும் பயனின்றி நின்ற காட்சியையும் காண நேர்ந்தது. அவர்கள் ஏமாற்ற வந்தவர்கள் அல்லர். ரேகை தேயும் அளவுக்கு உழைத்தவர்கள்.

ஆதார் ஆணையம் 2017 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கையில், ரேகை பொருந்தவில்லை என்னும் காரணத்தால் உரியவருக்கு உணவுப் பொருளை மறுக்கலாகாது என்று அறிவுறுத்தியது. பின்னர் தமிழ்நாட்டுக் கடைகளில் கருவிழிப் பதிவும் சேர்க்கப்பட்டது. முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் இல்லத்துக்கே பொருள்களைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ்வுச் சான்றுக்கு, ரேகையோடு முகத்தையும் ஏற்கும் முறை 2021 நவம்பரில் வந்தது. இவையனைத்தும் உணர்த்தும் உண்மை ஒன்றே: எந்த வாயிலுக்கும் ஒரே சாவி போதாது, மாற்று வழி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு வேற்றுமையைத் தெளிவாக அறிந்துகொள்ளல் அவசியம். நியாய விலைக் கடையில் வைத்த விரல், ஆதார் ஆணையத்தின் மையப் பதிவேட்டோடு ஒப்பிடப்படுகிறது. நம் பலகைக் கணினியைத் திறக்க வைத்த விரல் அக்கருவிக்குள்ளேயே ஒப்பிடப்படுகிறது. அதன் கணிதக் குறிப்பு மட்டும் கருவியின் பாதுகாப்பான பகுதியில் இருக்கிறது. ஆதாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆதலால் வீட்டுக் கருவியில் விரலைப் பதிந்தால் அரசாங்கத்துக்குச் செய்தி போய்விடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அதுபோலவே, கடையில் விரல் பொருந்தாதவர் தம் கருவியிலும் பொருந்தாது என்று சோர வேண்டியதில்லை. ஆதாருக்கு ரேகை அளித்துப் பல ஆண்டுகள் சென்றிருக்கலாம். கருவிக்கோ இன்றைய விரலையே புதிதாகப் பதிந்து கொடுக்கலாம்.

மாற்ற இயலாத சாவி

விரல் ரேகையும் முழுக் காவல் அன்று. 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மட்ஸுமோட்டோவும் அவருடைய குழுவினரும் ஜெலட்டின் பசையால் போலி விரல் செய்து, அக்காலத்து ரேகைக் கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டினர். நம் நாட்டிலும் ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் படியெடுத்து, ஆதார் வழி வங்கிப் பணத்தைக் கவர்ந்த குற்றங்கள் நிகழ்ந்துள்ளன. இதனைத் தடுக்கவே ஆதார் ஆணையம், நம் உடல் அடையாளங்களை நாமே பூட்டி வைத்துக்கொள்ளும் வசதியை இலவசமாக அளித்திருக்கிறது. உறங்குபவரின் விரலைப் பிடித்து வைத்துத் திறப்பதும் இயலாத காரியம் அன்று. மேலும், சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். இரகசிய எண் வெளிப்பட்டால் வேறு எண் அமைக்கலாம். விரலையும் முகத்தையும் மாற்ற முடியுமா?

எனவேதான் கருவியைச் செய்தவர்கள் இரகசிய எண்ணையே மூலச் சாவியாக வைத்திருக்கின்றனர். கருவியை அணைத்து மறுபடி இயக்கினால் அது முதலில் எண்ணையே கேட்கும். விரலும் முகமும் அம்மூலச் சாவியின் துணைச் சாவிகள். மூலச் சாவி 1234 என்றோ பிறந்த ஆண்டு என்றோ இருக்குமாயின், மற்றைய காவல்கள் எத்துணைச் சிறந்தனவாயினும் பயனில்லை.

செய்ய வேண்டுவன

வாங்கும்போதே கருவியில் ரேகை உணர்கருவி உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். மலிவு விலைப் பலகைக் கணினிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இருப்பின் பெரும்பாலும் பக்கவாட்டில் உள்ள இயக்குப் பொத்தானில் அமைந்திருக்கும். பணமும் பிறர் கணக்கும் உள்ள கருவிக்கு விரல் ரேகையும் ஆறு இலக்க எண்ணும் சேர்ந்த காவலே தக்கது. உணர்கருவி இல்லையெனில் எண் மட்டுமே போதும். முகப் பூட்டை நம்புதல் தகாது. பாடமும் படமும் மட்டும் உள்ள கருவிக்கு முகப் பூட்டு வைத்துக்கொள்வதில் பெரிய குறையில்லை. அப்போதும் கண் திறந்திருந்தால்தான் திறக்க வேண்டும் என்னும் விதி அமைப்பில் இருந்தால் அதனை இயக்கி வைத்தல் நலம்.

ரேகை தேய்ந்தவர்கள் கட்டை விரலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. வேலையில் குறைவாகத் தேயும் மோதிர விரலையோ சுண்டு விரலையோ பதிந்து பார்க்கலாம். இரு கைகளிலிருந்தும் ஒவ்வொரு விரலைப் பதிந்து வைத்தால், ஒன்றில் காயம் பட்டாலும் மற்றொன்று உதவும். ஒரே விரலை இருமுறை பதிவதும் பயன் தரும். பதியும்போது விரலின் நடுப்பகுதியோடு ஓரங்களையும் வைத்தல் வேண்டும். கையைக் கழுவித் துடைத்து, உணர்கருவியையும் மெல்லிய துணியால் துடைத்தபின் வைத்தால் பாதித் தொல்லை தீரும். தோல் மிக வறண்டிருந்தால் சிறிது எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைக்கலாம்.

குழுவுக்கோ சங்கத்துக்கோ உரிய கருவியில் பலரின் விரல்களை ஒருங்கே பதிந்துவிடுவது தவறான பழக்கம். கருவி இடம் தருமாயின் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைக்க வேண்டும். பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய விரல் பதிவை அன்றைக்கே நீக்கி, எண்ணையும் மாற்ற வேண்டும். கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்குவது போன்ற கடமை இது.

விரலா முகமா என்னும் கேள்விக்கு, இன்றைய மலிவு விலைக் கருவியைப் பொறுத்தவரை விரலே மேல் என்று துணிந்து கூறலாம். ஆயினும், நல்ல பூட்டுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. அயலாரை வெளியே நிறுத்த வேண்டும்; உரியவரை உள்ளே விட வேண்டும். முன்னதை மட்டும் எண்ணி அமைத்த காவல், வயலில் உழைத்த மூதாட்டியை அவளுடைய சேமிப்புக்கே அந்நியளாக்கிவிடும். சுய உதவிக் குழுக்களும் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் உறுப்பினரை ஒருநாள் கூட்டி, யாருடைய விரல் பதிகிறது, யாருக்கு எண் எளிது என்பதைச் சோதித்து அறிந்து, அதற்கேற்ப ஒவ்வொருவர்க்கும் வழி அமைத்துக் கொடுப்பாராக. ஒரு மணி நேரத்தில் முடியும் இவ்வேலை, பின்னர் வரக்கூடிய இழப்பையும் மனவருத்தத்தையும் பெரிதும் தவிர்க்கும்.