வீக்கெண்ட் போட்டோஷூட்: ஸ்டுடியோ மீட்டர் ஓடுறதுக்கு முன்னாடி கணக்கு போடுங்க

வாரம் அஞ்சு நாள் ஆபீஸ், சனிக்கிழமை கேமரா. இப்படி சைடு இன்கம் பார்க்கிறவங்க நம்மில் நிறைய பேர். "ஒரு ஷூட்டுக்கு 12,000 ரூபாய் சார்"னு சொல்லும்போது கேட்க நல்லா இருக்கு. ஆனா கையில நிற்கிறது எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்:

- ஸ்டுடியோ வாடகை, 4 மணி நேரம் × 1,000 = 4,000
- மேக்கப் = 3,000
- அசிஸ்டென்ட் = 1,000
- பயணம், சாப்பாடு = 800

மொத்தச் செலவு 8,800. மிச்சம் 3,200. ஒரு மணி நேரம் லேட்டானா கூடுதல் வாடகை 1,000. அதாவது உங்க லாபத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி! அதனால பிளானிங்தான் இங்க உங்க முதல் சேமிப்பு.

புக் பண்றதுக்கு முன்னாடி

லைட் மாட்டுற நேரமும் கழட்டுற நேரமும் வாடகையில சேருமா? லைட், பேக்ட்ராப் தனிக் கட்டணமா? ஜிஎஸ்டி சேர்த்த ரேட்டா? பொருள் உடைஞ்சா எவ்வளவு பிடிப்பாங்க? இந்த நாலையும் வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிக்கோங்க. எந்த டிரெஸ், எந்த போஸ், எந்த வரிசைன்னு ஷாட் லிஸ்ட்டை வீட்டிலேயே எழுதுங்க. வீட்டுல யோசிக்கிற நேரத்துக்கு வாடகை கிடையாது.

பாதுகாப்பும் பணம்தான்

லைட் ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டை வைங்க. கேபிளைத் தரையோட டேப் போட்டு ஒட்டுங்க. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எல்லா லைட்டையும் சொருகாதீங்க. யாராவது தடுக்கி லைட் விழுந்தா, அடிபடுறது ஒரு மனுஷர். பொருள் நஷ்டம் அதுக்கு அப்புறம்தான்.

போட்டோ எடுத்துக்க வர்றவங்க கூட ஒருத்தரை அழைச்சிட்டு வரலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. டிரெஸ் மாத்துற ரூம்ல தாழ்ப்பாள் இருக்கான்னு பாருங்க. 18 வயசுக்குக் கீழேன்னா பெற்றோர் அவசியம் கூட இருக்கட்டும். படங்களை ரெண்டு இடத்துல காப்பி பண்ற வரைக்கும் மெமரி கார்டை ஃபார்மெட் பண்ணாதீங்க.

படம் யாருக்குச் சொந்தம்?

இது பலருக்கு ஆச்சரியமா இருக்கும். 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டம், 17-வது பிரிவுப்படி, ஒருத்தர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் அவர்தான். வேற ஒப்பந்தம் இருந்தால்தான் அது மாறும். உங்க போர்ட்ஃபோலியோவுல, இன்ஸ்டாகிராம்ல போடணும்னா, அந்த அனுமதியை ஷூட்டுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து வாங்குங்க. அட்வான்ஸ், கேன்சல் ஆனா எவ்வளவு திருப்பித் தருவீங்க, எத்தனை எடிட் செஞ்ச படம் தருவீங்க, எல்லாமே அதே பக்கத்துல இருக்கட்டும்.

வரி விஷயம்

இந்த வருமானம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். அதனால ஐடிஆர்-1 போட முடியாது. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி வருஷத்துக்கு 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். ஸ்டுடியோ பில், மேக்கப் ரசீது எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல வைங்க. பில் இருந்தாதான் அதைச் செலவுன்னு ஆதாரத்தோட காட்ட முடியும்.

கடைசியா, உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து ஒரு தடவை படிங்க. வெளி வேலைக்கு அனுமதி வாங்கணும்னு அதுல இருந்தா, முதல்ல ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. 3,200 ரூபாய்க்காக மாசச் சம்பளத்தை ரிஸ்க்ல வைக்க வேண்டாம்.